பகற்கனிவு

“அம்மா, ஒரு சொல்லைக் கொல்லணும். வழி சொல்லுங்க,” என்றார் சிற்சபேசன்.

அரசியம்மா எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“ஆயுதம் கொண்டு வந்திருக்கீங்களா?”

சிற்சபேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக் காட்டினார்.

“அதுவே போதுமே. எதுக்கு இவ்வளவு தூரம் மலையேறி வந்தீங்க?”

“இதால அடிச்சா சாகாதும்மா. அது புத்தகத்தை விட்டு வெளியே போயிடுச்சு.”

அரசியம்மா கூடையை நகர்த்தி வைத்தார்.

“உட்காருங்க சார்.”

*

சிற்சபேசன் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி போட்டவர். ஒரு சொல்லைக் கேட்டால் அதன் அப்பன், பாட்டன், பூட்டன் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார். கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார ஆட்கள் தயங்குவார்கள். பாயசம் வருவதற்குள் மூன்று சொல்லின் ஜாதகம் முடிந்திருக்கும்.

அரசியம்மாவின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அவரைவிட இருபது வயது சின்னவர். மதுரையில் வக்கீலாக இருந்தார். ஒருநாள் கறுப்பு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சிறுமலைக்கு வந்து எலுமிச்சை வளர்க்க ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “கேஸ் முடிஞ்சுது,” என்பார். அதற்குமேல் வராது.

மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடி மலையேறுவார்கள். உபதேசம் எதிர்பார்த்து வருவார்கள். அவரோ குறுக்கு விசாரணைதான் செய்வார்.

*

“எந்தச் சொல்லு?”

“பகற்கனிவு.”

அரசியம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்குவதுபோல ஒதுக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“அதுதாம்மா கொடுமை.”

“முதல்ல இருந்து சொல்லுங்க.”

சிற்சபேசன் சொன்னார்.

ஒரு கல்யாணத்துக்காக நத்தம் போயிருந்தார். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். தையல் வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தி, “சீக்கிரம் போகணும்டி, பகற்கனிவு முடிஞ்சிரும்,” என்றாள்.

சிற்சபேசனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் கேட்டிராத ஒரு தமிழ்ச் சொல்! எந்த ஊர் வழக்கு, எந்தத் தலைமுறைச் சொல் என்று துடித்தார். விசாரித்தார். நத்தத்தில் ஜைனம்பு அக்கா தையல் கூடம், அங்கே எல்லாரும் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அன்றைக்குக் கல்யாணச் சாப்பாட்டில் என்ன சாப்பிட்டார் என்றே அவருக்கு நினைவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அகராதியின் இரண்டாம் பதிப்புக்காக முதல் பதிப்பைத் திருத்த உட்கார்ந்தார். ‘டி’ எழுத்துக்கு வந்தார். ‘டே ட்ரீம்’ என்ற சொல்லுக்கு வந்தார்.

எதிரே அச்சாகியிருந்தது: பகற்கனிவு.

“பகற்கனவுன்னு இருக்கணும்மா. ‘ன’ தலையில ஒரு சின்ன வளைவு கூடிப்போச்சு. கனவு கனிவாயிடுச்சு. அச்சுப்பிழை. மெய்ப்பு பாத்தது நான். கடைசி மெய்ப்பும் நான்தான்.”

அரசியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சிரிப்பு வந்தா சிரிச்சிடுங்கம்மா.”

அரசியம்மா சிரித்தார். பக்கத்து மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்து போயின.

*

“இதுக்கா கொலை?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாதும்மா. நான் மேடைக்கு மேடை அடுத்தவன் பிழையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினவன். ‘டோர்ட்’ கதையைச் சொல்லாத கூட்டமே கிடையாது.”

“அது என்ன டோர்ட்?”

அவ்வளவு துக்கத்திலும் சிற்சபேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு வேறு வழி தெரியாது.

“அமெரிக்காவுல ஒரு பெரிய அகராதி. அதுல ‘டோர்ட்’னு ஒரு சொல். அர்த்தம், அடர்த்தி. ஆனா அப்படி ஒரு சொல்லே உலகத்துல கிடையாது. அடர்த்திக்கு ஆங்கிலத்துல ‘டென்சிட்டி’. அதைச் சுருக்கி எழுத பெரிய டி, இல்லன்னா சின்ன டி போடலாம்னு ஒரு சீட்டுல ‘டி ஆர் டி’ன்னு, அதாவது ‘டி அல்லது டி’ன்னு எழுதியிருந்தாங்க. எழுத்தெல்லாம் தள்ளித் தள்ளி இருந்துச்சு. வாங்கினவங்க ஒட்டிப் படிச்சிட்டாங்க. டோர்ட்! பல வருஷம் அது அகராதிக்குள்ள உக்காந்திருந்துச்சு. இந்த மாதிரி சொல்லைப் பேய்ச்சொல்னு சொல்லுவாங்க. பொறக்காமலே பேயானது.”

“பிழையில பொறந்த சொல்லு வேற ஏதாவது இருக்கா?”

“இருக்காவா! பட்டாணிக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“பீ.”

“முந்தி ‘பீஸ்’. ஒரே பட்டாணியா இருந்தாலும் பீஸ்தான். கடைசியில வர்ற ‘ஸ்’ பன்மைன்னு நெனச்சு ஜனங்க அதை வெட்டிட்டாங்க. இல்லாத ஒரு ஒருமை கிடைச்சுது. தும்மலுக்கு ‘ஸ்னீஸ்’ங்கறோமே, அது அந்தக் காலத்துல ‘ஃப்னீஸ்’. அப்ப எஸ் எழுத்தைப் பாக்க எஃப் மாதிரியே இருக்கும். மாத்திப் படிச்சதுல மூக்கே மாறிடுச்சுன்னு சொல்லுவாங்க. அட, ‘சிலபஸ்’! பரீட்சைக்கு வைக்கிறோமே பாடத்திட்டம், அந்தச் சொல்லே அச்சுக் கோளாறு. ‘சிட்டிபா’ன்னு ஒரு கிரேக்கச் சொல், தோல் சீட்டுன்னு அர்த்தம். பழைய புத்தகம் ஒண்ணை அச்சடிச்சப்ப தப்பாப் படிச்சு, அது சிலபஸ் ஆயிடுச்சு. நான் வேலை பாத்த காலம் பூரா அந்தப் பிழையைத்தாம்மா நடத்தினேன்.”

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைகள் காற்றில் எழுதின.

“இதெல்லாம் சொல்றப்ப உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!” என்றார் அரசியம்மா.

“பின்ன?”

“பட்டாணியைக் கொல்லணும்னு தோணலையா?”

சிற்சபேசனின் கை அந்தரத்தில் நின்றது.

“அது வேறம்மா.”

“என்ன வேற?”

“அது... வேற ஆள் செஞ்ச பிழை.”

அரசியம்மா ஒரு காயை எடுத்து முகர்ந்துவிட்டுக் கூடையில் போட்டார்.

*

“இரண்டாம் பதிப்பே வேண்டாம்னு பதிப்பகத்துக்குச் சொல்லிடப் போறேன்,” என்றார் சிற்சபேசன். “வெளியீட்டு விழாவுல எவனாவது எழுந்து, ‘ஐயா, பகற்கனிவுன்னா என்ன?’ன்னு கேட்டா நான் எங்க போய் ஒளிவேன்? எழுத்து வேலையே வேண்டாம். பேனாவை மூடிடறேன். அதுக்கு முன்னாடி அந்தச் சொல் ஒழியணும்.”

“தண்டனை ரெடி. விசாரணை நடந்துச்சா?”

“விசாரணையா?”

“குற்றவாளியைப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. இருநூத்திப் பதினாறாம் பக்கம்.”

“அது போட்டோ. ஆளைப் பாத்தீங்களா?”

சிற்சபேசன் விழித்தார்.

“நத்தத்துக்குப் போங்க. அந்தத் தையல் கூடத்துல சொல்லுங்க, இது தப்பு, இப்படி ஒரு சொல்லே இல்ல, நான்தான் பொறுப்புன்னு. அவங்க விட்டுட்டாங்கன்னா சொல்லு தானா செத்துடும். பேனாவுக்கே வேலையில்ல.”

“நானேவா சொல்லணும்?”

“நான் வக்கீல் தொழிலை விட்டாச்சு சார்.”

*

நத்தம் கடைவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கூடம். உள்ளே தையல் மிஷின்கள் படபடத்தன. வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவது என்று சிற்சபேசன் யோசிப்பதற்குள், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம்.

“நான்தான் ஜைனம்பு. யாரு வேணும் சார்?”

“நான் இங்கிலீஷ் வாத்தியார். ஒரு சொல்லைப் பத்தி விசாரிக்க வந்தேன்.”

“சொல்லுக்கெல்லாமா விசாரணை? சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். “அப்ப செத்த உக்காருங்க சார். இப்ப பகற்கனிவு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஜைனம்பு இரண்டு தட்டு கை தட்டினார்.

மிஷின்கள் நின்றன.

சிற்சபேசன் அப்படி ஓர் அமைதியை எந்தக் கல்லூரி நூலகத்திலும் கண்டதில்லை. பெண்கள் துணி மூட்டைகளில் சாய்ந்துகொண்டார்கள். ஒருத்தி காலை நீட்டிச் சுவரில் முதுகைக் கொடுத்தாள். ஒருத்தி, சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஒருத்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, தானே சிரித்துக்கொண்டாள்.

“தூங்கறாங்களா?” என்று அவர் கிசுகிசுத்தார்.

“தூங்கக் கூடாது சார். வேலையும் செய்யக் கூடாது, போனும் பாக்கக் கூடாது. சும்மா இருக்கணும். மனசு எங்க போகுதோ போகட்டும்.”

சொல்லிவிட்டு ஜைனம்புவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிற்சபேசன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு புளியமரம். இலைகள் அசைந்தன. ‘விண்டோ’ என்றால் பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் என்று அவர் மனசு ஆரம்பித்தது. சொல்ல ஆள் இல்லை. சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

புளியமரம் மட்டும் இருந்தது.

*

மறுபடி கைதட்டல் கேட்டது. மிஷின்கள் படபடத்தன. டீ வந்தது.

“இந்தச் சொல்லு உங்களுக்கு எங்கிருந்தும்மா கிடைச்சுது?” என்று கேட்டார் சிற்சபேசன். சொல்ல வந்ததைச் சொல்வதற்கு இது நல்ல வாசல் என்று நினைத்தார்.

ஜைனம்பு டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“நான் முந்தி திருப்பூர்ல ஒரு கம்பெனியில காலர் தைச்சேன் சார். நாள் பூரா காலர்தான். சில நேரம் கை தானா தைக்கும், மனசு எங்கயாவது போயிடும். சூப்பர்வைசர் ஒருத்தர். நான் ஜன்னலைப் பாத்தா போதும், ‘டே ட்ரீமிங்! டே ட்ரீமிங்!’னு கத்துவாரு. கடைசியில அதையே சொல்லிக் கணக்கைத் தீர்த்து அனுப்பிட்டாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏதோ அசிங்கமான வார்த்தை போலன்னு நெனச்சேன். அத்தனை பேருக்கு நடுவுல சொன்னாரே, ஊர்ல எப்படித் தலை காட்டறதுன்னு அழுதுக்கிட்டே வந்தேன்.”

“அப்புறம்?”

“அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு அகராதி பரிசு குடுத்திருந்தாங்க. அவகிட்டத்தான் கேட்டேன். தேடிப் பாத்துட்டுச் சொன்னா, ‘சின்னம்மா, இது கெட்ட வார்த்தை இல்ல. நல்ல வார்த்தை. பகற்கனிவு.’”

சிற்சபேசன் டீயைக் குடிக்காமல் கிளாசையே பார்த்தார்.

“அந்த நிமிஷமே அழுகை நின்னுபோச்சு சார். கனிவுன்னா காய் பழுக்கறதுதானே? நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தப்பல்லாம் உள்ளுக்குள்ள ஏதோ பழுத்துக்கிட்டு இருந்திருக்கு. அது அந்த மனுஷனுக்கே தெரிஞ்சிருக்கு.”

“அப்படின்னா அவர் ஏன் உங்களை வெளியே அனுப்பினாரு?”

“பழுத்ததை யாராவது மரத்துலயே வச்சிருப்பாங்களா சார்?”

சிற்சபேசன் டீயை ஒரே மடக்கில் குடித்தார். சூடு தெரியவில்லை.

“தைரியமா ஒரு மிஷின் வாங்கிப் போட்டேன். இப்ப இத்தனை பேரு. நம்ம கூடத்துல தினம் மத்தியானம் பகற்கனிவு உண்டுன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன். ஆமா, நீங்க என்னவோ விசாரிக்கணும்னீங்களே?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் சிற்சபேசன். “டீ நல்லா இருந்துச்சு.”

*

“சொன்னீங்களா?” என்று கேட்டார் அரசியம்மா.

“எப்படிம்மா சொல்றது?” சிற்சபேசன் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். “அந்தச் சொல் ஒரு ஆளைத் தூக்கி நிறுத்தியிருக்கும்மா. நான் தீர்ப்பை மாத்திட்டேன். அது வாழட்டும். அந்தம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்.”

தான் பெரிய மனசு பண்ணிவிட்டதாக அவருக்கு ஒரு நிறைவு. அரசியம்மா பாராட்டுவார் என்று காத்திருந்தார்.

“கொல்ல நெனச்சப்பவும் அவங்களைக் கேக்கல. காப்பாத்த நெனச்சப்பவும் கேக்கல,” என்றார் அரசியம்மா.

“அம்மா...”

“அவங்க கண்ணாடிப் பாத்திரமா, சார்?”

சிற்சபேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொன்னா மனசு ஒடைஞ்சு போயிடுமேம்மா.”

“யாரு மனசு?”



அரசியம்மா ஒரு துணிப்பை நிறைய எலுமிச்சையை அள்ளி அவர் கையில் கொடுத்தார்.

“வெறுங்கையோட போகாதீங்க.”

*

இந்த முறை கூடத்தில் புது வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஓட்டல் சமையல்காரர்களுக்கு ஏப்ரன். வெள்ளை வெள்ளையாக மடித்து அடுக்கியிருந்தார்கள்.

சிற்சபேசன் எலுமிச்சைப் பையைக் கொடுத்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வகுப்பில் நிற்பதுபோல நின்றுகொண்டார்.

“அம்மா, அன்னைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லாம போயிட்டேன். அந்த அகராதி நான் எழுதினது.”

“அல்லாவே! நீங்களா சார்? ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! நம்ம அகராதி சார்!”

மிஷின்கள் நின்றன. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சிற்சபேசனுக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியீட்டு விழாவுக்குப் பயந்து ஓடியவருக்கு இங்கேயே ஒரு விழா கூடிவிட்டது.

“அந்தச் சொல் தப்பும்மா,” என்றார். “பகற்கனிவுன்னு ஒரு சொல்லே கிடையாது. பகற்கனவுன்னு இருக்கணும். அச்சுல பிழையாயிடுச்சு. நான் பாத்துத் திருத்தியிருக்கணும். விட்டுட்டேன்.”



ஜைனம்பு அளவு நாடாவை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

“அப்படின்னா அந்த சூப்பர்வைசரு...”

“ஆமாம்மா.”

“என்னைத் திட்டித்தான் இருக்கான்.”

“ஆமாம்மா. வேலை நேரத்துல கனவு காணறேன்னு திட்டியிருக்காரு.”

ஜைனம்பு ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரம் சிற்சபேசனுக்கு, தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

ஜைனம்புவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவர் ஓரடி முன்னால் வைத்தார். அழுகையில்லை. சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு.

“அந்தாளு திட்டினதை நான் வாழ்த்துன்னு எடுத்துக்கிட்டு... ஒரு ரம்ஜானுக்கு அவருக்குப் பிரியாணிகூடக் குடுத்தனுப்பினேன் சார்! வாங்கிட்டு முழிச்சாராம்!”

கூடமே சிரித்தது. சிற்சபேசனும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

“நல்லவேளை சார்,” என்றார் ஜைனம்பு, மூச்சு வாங்கிக்கொண்டு. “நீங்க ஒழுங்காப் பாக்கல.”

*

வெள்ளைத்தாய் என்ற பெண் முன்னால் வந்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் அவள்தான்.

“அப்ப நாளையிலிருந்து பகற்கனவுன்னு சொல்லணுமா சார்?”

“சரியாச் சொல்லணும்னா...” சிற்சபேசன் இழுத்தார்.

“கனவுன்னா அது பாட்டுக்கு வரும், போகும். இது அப்படி இல்லியே. இதுக்கப்புறம்தானே எங்களுக்குத் தையல் நேரா வருது.”

“தப்பான வார்த்தைன்னு தெரிஞ்சும் வச்சிருந்தா பாவமா சார்?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

சிற்சபேசனின் கண் அடுக்கில் இருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. ஒன்றை எடுத்தார்.

“இது என்ன?”

“ஏப்ரன்.”

“இதுக்குச் சரியான பேரு ‘நேப்ரன்’. இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு சொல்ல முன்னாடி ‘ஏ’ சேப்பாங்க. ‘ஏ நேப்ரன்’. வேகமாச் சொல்லிப் பாருங்க.”

“ஏநேப்ரன்... ஏநேப்ரன்...”

“கேட்டவனுக்கு ‘ஆன் ஏப்ரன்’னு கேட்டுச்சு. ‘ந்’ இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தாவிடுச்சு. அவ்வளவுதான். உலகத்துல இருக்கிற சமையக்காரங்க அத்தனை பேரும் இடுப்புல கட்டியிருக்கிறது ஒரு காதுப்பிழை.”

பெண்கள் ஏப்ரனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருத்தி அதன் நாடாவை இழுத்துப் பார்த்தாள், பிழை அங்கே எங்காவது தைத்திருக்கிறதோ என்று.

“சார்,” என்றார் ஜைனம்பு. இப்போது சிரிக்கவில்லை. “தப்புன்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். அப்ப சரியானதை நீங்களே குடுங்க. மத்தியானம் நாங்க இருக்கிறோமே, அன்னைக்கு நீங்களும் உக்காந்து பாத்தீங்களே, அதுக்கு என்ன பேரு?”

சிற்சபேசன் கண்ணை மூடினார்.

‘ரெஸ்ட்’. இல்லை, அது களைத்தவனுக்கு. ‘பிரேக்’. அது உடைப்பது. ‘நாப்’. அது தூக்கம். ‘சியஸ்டா’, ஸ்பானியர்களுடையது, லத்தீனில் ஆறாம் மணி நேரம். அதுவும் தூக்கம்தான். தமிழுக்கு வந்தார். ஓய்வு. இளைப்பாறல். உண்ட மயக்கம். ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை.

வாழ்நாளெல்லாம் சேர்த்த சொற்கள் அத்தனையும் அவருக்குள் வரிசையாக வந்து, கையை விரித்துவிட்டுப் போயின.

கண்ணைத் திறந்தார்.

“இல்லம்மா,” என்றார். “என்கிட்ட வேற சொல் இல்ல.”

“அப்ப எங்களுதை நாங்களே வச்சுக்கறோம்,” என்று சொல்லி, ஜைனம்பு இரண்டு தட்டு கை தட்டினார்.

*

சிற்சபேசன் மறுநாள் மலையேறினார். உச்சி வெயிலில், அகராதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசிக் கொண்டை ஊசி வளைவிலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தார். அரசியம்மா அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டேம்மா!”

“தெரியுது.”

“பதிப்பகத்துக்கும் போன் பண்ணிட்டேன். இரண்டாம் பதிப்பு வருது. இருநூத்திப் பதினாறாம் பக்கத்துல கனவுன்னு திருத்தியாச்சு. விழாவுல எவனும் கேக்கலன்னா நானே எழுந்து இந்தக் கதையைச் சொல்லுவேன்.”

“நல்லது.”

“ஆனா ஒரு சிக்கல்.”

“சொல்லுங்க.”

“பகற்கனிவையும் உள்ளே சேக்கணும். அது இப்ப பிழை இல்ல, சொல்லு. பேசறதுக்கு ஆள் இருக்கு, அர்த்தம் இருக்கு. வேற எந்தச் சொல்லும் அந்த இடத்துல நிக்காது. நானே தேடிப் பாத்துட்டேன்.”

“சேருங்க.”

“எங்கம்மா சேக்கறது?” சிற்சபேசன் அகராதியைப் பிரித்து, பக்கங்களைப் படபடவென்று தள்ளினார். “இது ஆங்கிலம்-தமிழ் அகராதி. முதல்ல ஆங்கிலச் சொல் இருக்கணும், அதுக்கு எதிரேதான் தமிழ். இதுக்கு ஆங்கிலமே இல்லியே! ஏ-வுல இருந்து இசட் வரைக்கும் பாத்துட்டேன். ஒரு இடம் இல்ல. ஒரு பொந்து இல்ல. ராத்திரியே முன்னுரையில வைக்கலாமான்னு யோசிச்சேன். பின்னிணைப்பா போடலாமா? அடிக்குறிப்பா? இல்ல, தனியா ஒரு தமிழ்-ஆங்கிலம் அகராதியே எழுதிடலாமா? எழுதினா அங்க எதிர்ப்பக்கம் என்ன போடறது? நீங்களே சொல்லுங்க, இதை எங்கதான் வைப்பேன்?”

அரசியம்மா அகராதியை அவர் கையிலிருந்து வாங்கினார். மூடினார். அட்டையில் இருந்த தூசியை முந்தானையால் ஒரு துடை துடைத்தார். குனிந்து, பாயின் ஒரு முனையில் வைத்தார்.

“தலையை வைங்க சார்,” என்றார்.